கழற்றாத அம்புகள்

...பதினான்கு. கட்டிங் பிளேயரால் கம்பத்துப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை நறுக்கினால் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், அம்பு கையோடு வந்துவிடுகிறது, பத்து மாத வெயிலிலும் மழையிலும் மஞ்சள் வெளுத்து வெண்ணெய் நிறமாகியிருக்கிறது, பைக்குள் போடுகிறேன், ஏறி மிதிக்கிறேன், அடுத்த திருப்பம், அடுத்த கம்பம். பதினைந்து. எண்ணினால் நினைக்க வேண்டியதில்லை என்று கிளம்பும்போது தோன்றியது. சைக்கிள் ஓட்டத்துக்கு வழி காட்ட என் மனைவி சொலேன் எண்ணெய் கேன்களை வெட்டிச் செய்த அம்புகள் இவை, இடக்கைக்காரி, கத்தரி எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும், எல்லா அம்பின் மூக்கும் கொஞ்சம் கோணல். கோணலாக இருந்தால் என்ன, வழி காட்டினால் போதாதா என்பாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், தார்ச்சாலையைக் குறுக்கே கடப்பது மூன்றே இடத்தில், மீதியெல்லாம் திராட்சை வரிசைகளுக்கு நடுவே வெள்ளைச் சரளை, வந்தால் டிராக்டர் வரும், கார் வராது. இந்தப் பாதையில யாரும் சாக மாட்டாங்க, என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் ஒரு விதி, அம்பு கட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும், ஓட்டம் முடிந்த ஏழு நாளுக்குள். மே மாதத்து ஓட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு அவள் சோபாவில் படுத்திருந்தாள். "அடுத்த வாரம் போறேனே... கால் ரெண்டும் கல்லு கட்டின மாதிரி இருக்கு." நான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. "கட்டத் தெரிஞ்ச மகாராணிக்குக் கழட்ட ஆள் வேணுமாக்கும்?" செருப்பு பறந்து வந்தது, தோளில் பட்டது, இருவரும் சிரித்தோம். அடுத்த வாரமும் போகவில்லை. ஜூன் போயிற்று. சங்கத் தலைவர் லூசியான் ஒயின் கிளாஸோடு வந்து, "நம்ம சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார், அதற்கும் சிரித்தோம். செப்டம்பர் கடைசியில் மருத்துவர் அவளுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இது வசந்த காலத்திலேயே ஆரம்பித்திருக்கும் என்றார். அதற்கப்புறம் பத்தொன்பது நாள்தான் இருந்தாள். பதினாறு, பதினேழு... இந்தக் கட்டு இறுகியிருக்கிறது, பல்லைக் கடித்து இழுத்துக் கட்டியிருப்பாள்.

திங்கட்கிழமை லூசியான் கூப்பிட்டார். இந்த ஞாயிறு ஓட்டத்துக்குச் சங்கத்துப் பையன் ரெமி புது வழி போட்டிருக்கிறானாம், பழைய அம்பு இருந்தால் நூற்றைம்பது பேரும் தடம் மாறிப் போவார்களாம். "நானே போய்க் கழட்டிட்டு வந்துடறேன்டா, நீ வீட்ல இரு." நான் போகிறேன் என்றேன். "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை..." கட்டினவங்க வீட்டு ஆளு நான்தானே என்றேன். போனில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை, ஐந்து மாதமாகவே ஒன்றும் வருவதில்லை, பல் பிடுங்க மருந்து போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் யாரோ யாரையோ தொடுவது போல. ஆனால் லூசியான் கழற்றினால் அம்புகள் அவருடைய காரின் பின்பக்கம் போய்க் கிடக்கும், பிறகு குப்பைக்கு. என் கையால் என்றால் என்ன செய்வேன்? அதுவும் தெரியவில்லை. கடைசி அம்பையும் கழற்றிவிட்டால் அவள் போட்ட வழி என்று வெளியே எதுவும் இருக்காது, என் தலைக்குள் மட்டும் இருக்கும். இருக்கட்டும், அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எத்தனை முறை போயிருக்கிறேன் அவளோடு.

காலையிலிருந்து காற்றில் ஈரம், அதனால் எல்லாத் தோட்டத்திலும் ஆள் இருக்கிறது, கொடியை வில்லாக வளைத்துக் கம்பியில் கட்ட இந்த மாதிரி நாள்தான் வேண்டும், காய்ந்த நாளில் வளைத்தால் ஒடிந்துவிடும். இருபத்தோராவது அம்பு திராட்சைக்காரி ஒடிலின் தோட்டத்து மூலையில், பாதை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரியும் இடத்தில். கம்பத்தில் கை வைத்ததும் வரிசைக்குள்ளிருந்து குரல். "யாருடா அது, என் கம்பத்துல கைய வைக்கிறது?" ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கட்டுக் கம்பிச் சுருள், காதில் பாதி சிகரெட். "அட, பஸ்தியானா... வா ராசா." துக்கம் விசாரிக்கவில்லை, அதற்காகவே அவளைப் பிடிக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சமைக்கிறியா, இல்ல சூப்புப் பொடியைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துடறியா?" சமைக்கிறேன் என்றேன். "பொய் சொல்ற மூஞ்சியப் பாரு."

அம்பு பிளாஸ்டிக் கட்டில் இல்லை, காகிதம் சுற்றிய மெல்லிய கம்பியில், கொடி கட்டும் முடிச்சில் கட்டியிருந்தது. இது சொலேன் முடிச்சு இல்லையே... "அது நான் கட்டினது" என்றாள் ஒடில். "ஜனவரியில டிராக்டர் இடிச்சுப் பழைய கம்பம் முறிஞ்சுபோச்சு. உன் பொண்டாட்டி அம்பை அடுப்புல போட மனசு வரல, புதுக் கம்பத்துல கட்டிட்டேன். ஆனா எந்தப் பக்கம் பாத்துட்டிருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. மேல சுவருதான் இருக்கு, புத்தியுள்ளவன் கீழதான் போவான். நீங்கதான் சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டுச் சுவர் ஏறிக் குதிக்கிற கூட்டமாச்சே, அதான் மேல பாத்துக் கட்டினேன். சரிதானா? நீதானே அவகூட வருவ." நான் உடனே சொன்னேன், மேலதான், சரியாத்தான் கட்டியிருக்கீங்க. அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "அப்பாடா. ரெண்டு மாசமா உறுத்திட்டே இருந்துச்சு."

நறுக்கினேன், இருபத்தொன்று, மேலே மிதிக்கிறேன். எப்படி மறப்பேன், மற்ற எல்லாத் திருப்பமும் எனக்கு ஒரே திருப்பம்தான், எப்போதும் அவள் முன்னால், நான் பின்னால், அவள் முதுகில் பின்சக்கரம் வாரி இறைத்த சேற்றுக் கோடு, அதைப் பார்த்துக்கொண்டே போனேன், பாதையைப் பார்த்ததில்லை. ஆனால் இந்தச் சுவர் தெரியும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவர் மட்டும், நீ முன்னால போ என்றாள், முதல் முறையாக நான் முன்னால், கால் பறந்தது, இந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறினேன், அவளை ஜெயித்துவிட்டேன் என்றிருந்தது. சுவரில் உட்கார்ந்தோம். நெடுநேரம். இங்கயே கொஞ்சம் இருக்கலாம் என்றாள். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சைக்கிளில் போனது, நல்ல நாள், என்னிடம் இருக்கிற ஒரே பழுதில்லாத நாள்... சரளை முடிந்து புல் வந்துவிட்டது, சக்கரம் வழுக்குகிறது, இறங்கித் தள்ளுகிறேன். சுவர். இதேதான்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கல்லில் ஏறி அந்தப் பக்கம் பார்க்கிறேன். முள்புதர், அதற்கப்பால் இரண்டு ஆள் ஆழத்தில் பழைய கல்குழி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டுகூட யாரும் போக முடியாது. பக்கவாட்டில் வழி இருக்குமோ, இடது பக்கம் நடக்கிறேன், வலது பக்கம், ஒற்றையடித் தடம்கூட இல்லை, எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. நூற்றைம்பது பேரை இங்கே அனுப்புவாளா சொலேன்? மாட்டாள். அம்பு கீழேதான் காட்டியிருக்கும். ஆகஸ்டிலும் கீழேதான் காட்டிக்கொண்டிருந்திருக்கும், அவள் கையால் கட்டிய அம்பு, நான் அதைப் பார்க்காமல் மேலே திரும்பினேன், அவள் இரண்டு சைக்கிள் தூரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தாள், இரண்டையும் பார்த்திருப்பாள், அம்பையும் என்னையும். அது இல்ல, பஸ்தியான் என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். முன்னால் போகிறவன் சந்தோஷமாகப் போகிறானே, போகட்டும் என்று விட்டாளா... அல்லது அந்த மூன்று சொல்லுக்கு மூச்சு இல்லையா. கல் கட்டின காலோடு இந்த மேடு முழுவதையும் வீணாக ஏறியிருக்கிறாள். இரண்டில் எது என்று முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் வந்து சேர்ந்தபோது, எவ்வளவு அழகா இருக்கு பாரு என்றேன், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு.