வெளியிலிருந்து வந்த இணைப்பு

வேனில் ஏறும் முன் தம்பி பாண்டிராஜ் தன் செல்போனை என் கையில் கொடுத்தான். அதை வீட்டில் விட்டுப் போகிறவன் இல்லை அவன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால் தினமும் கேட்டில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போவான்.

"பதினொன்றரைக்கு ரவுட்டர அணைச்சுப் போடுக்கா. பச்சை லைட்டு வந்ததும் போன்ல வைஃபைய அணைச்சிட்டு, சிம் நெட்டுல கேமுக்குள்ள போ. வைஃபைல போயிராத."

"ஏன்லே, அதுவும் நெட்டுதான?"

"வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, வாசக்கதவு வெளியில இருந்து தெறக்குதான்னு எப்படிக்கா பாப்ப? வெளிய போயித்தான் தட்டணும்."

"ரெண்டு வாரமா ஒங்கூட்டாளிக தட்டுறானுக. கதவு ஒடஞ்சிரும்லே."

சிரித்துக்கொண்டே ஏறினான். வேன் ஆமத்தூர் விலக்கைத் தாண்டிப் போனது.

கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு அது. பாண்டியின் பழைய லேப்டாப்தான் அந்த ஊரைத் தாங்கி நின்றது. நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்து நெட் வழியாக அதற்குள் வருவார்கள். இரண்டு வாரமாக ஒருவராலும் வர முடியவில்லை. தம்பி காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினான். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் லேப்டாப்புக்குப் புது எண் கொடுத்துவிடும். வருகிறவர்களை எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டுமென்று ரவுட்டரில் எழுதி வைத்திருந்தானோ, அது பழைய எண். லேப்டாப்புக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்தான். பிறகு லேப்டாப்பின் சொந்தக் காவலைத் தளர்த்தினான். அப்போதும் வரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, நெட்காரர்கள் எங்கள் தெரு முழுவதையும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று. எங்களுக்கென்று தனி முகவரி வேண்டும். நெட் லைன் போட்ட அய்யாதுரைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"யூடியூப் ஓடுதாலே?"

"ஓடுதுண்ணே. ஆனா வெளிய இருந்து யாரும் உள்ள வர முடியல."

"வெளிய கெடக்குறவன் எதுக்குலே ஒன் வீட்டுக்குள்ள வரணும்? வராம இருந்தா நல்லதுதான?"

எட்டு நாள் இழுத்தடித்துவிட்டு, மறுநாள் பதினோரு மணிக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். தீபாவளி சீசன். தம்பிக்கு லீவு கிடையாது. டைரி, காலண்டர்களுக்குப் பிழை திருத்தும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்கிறேன். அதனால்தான் போன் என் கைக்கு வந்தது.

சொன்னபடியே செய்தேன். 11.38-க்கு விளையாட்டு திறந்தது. தம்பியின் பெயரைத் தலைக்கு மேல் தாங்கிய கட்டை மனிதன் ஒரு தெருவில் நின்றான். இன்னொருவன் ஓடிவந்தான். விருதுநகரில் பருப்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், சுஃபியான். தம்பியின் நெருங்கிய நண்பன்.

"ஏலே வந்துட்டியா! எம்புட்டு நாளாச்சு!" என்று எழுத்து வந்தது.

பதில் எழுத எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. கட்டைவிரலால் தேடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. திரையின் மூலையில் மணி 11.41.

வெடித்தது தம்பியின் கம்பெனி. ஒரே அறையில் பதினோரு பேர். ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காட்டியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் சுஃபியானும் கூட்டாளிகளும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இறந்தவனுக்கு அச்சடிக்காமல் இருந்தால் நட்புக்குக் குறை. அச்சகத்துக்கா பஞ்சம்? தம்பி சிரிக்கும் படம், பின்னால் அந்தக் கட்டை ஊர். கீழே பெரிய எழுத்தில்: "காலை 11.41 வரை எங்களோடு விளையாடிய நண்பனே, பாதியில் போனதேன்?"

பிழை திருத்துகிறவளின் கண் அதிலும் எழுத்துப் பிழையைத்தான் முதலில் தேடியது. ஒன்றுகூட இல்லை. விஷயம்தான் பிழை.

சுஃபியானின் கணக்கு எளிமையானது. நண்பன் வந்தான், பதில் பேசாமல் நின்றான், அந்த நேரத்திலேயே வெடித்தது. போன் என்னிடம் இருந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் அன்பினால்தான் அச்சடித்தான். அது தெரிந்தும் பல நாள் அவனை மனதுக்குள் அறைந்துகொண்டிருந்தேன்.

கம்பெனி போர்மேன் சோணைமுத்து பஸ் ஸ்டாப்பில் நின்று அந்தச் சுவரொட்டியைப் படம் எடுத்தார். மறுநாள் கம்பெனி காரணம் சொல்லிவிட்டது. பாண்டிராஜ் திருட்டுத்தனமாகப் போனைக் கொண்டுபோய் வெடிமருந்து அறைக்குள் கேம் விளையாடினானாம். அதில்தான் தீப்பற்றியதாம். சாட்சிக்குக் கேட் நோட்டு. அன்று எல்லாருடைய பெயரும் இருந்தது, அவன் பெயர் மட்டும் இல்லை. செத்தவன் வந்து இல்லையென்று சொல்ல மாட்டான் என்ற தைரியம்.

விசாரணைக்கு நான் போனைக் கொண்டு போனேன். சுஃபியான் தம்பியின் லேப்டாப்பைத் தூக்கி வந்தான். யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரி வரியாகப் பதிவாகியிருந்தது. அதுவே எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினோம், முட்டாள்கள்.

அதிகாரி திரையைப் பார்த்தார். "இந்த நம்பர் உங்க வீட்டு நெட் நம்பரா?"

"இல்ல சார். சிம் நெட்டு நம்பரு."

"அப்ப வெளியில இருந்து வந்திருக்கு."

"வீட்டுக்குள்ள இருந்துதான் சார் வந்துச்சு. வெளிய இருந்து வந்தாப்புல இருக்கணும்னுதான் வைஃபைய அணைச்சேன். அப்படித்தான் சார் சோதிக்கணும்."

"வெளியன்னு நீங்களே சொல்றீங்களேம்மா."

"போன் எங்கையில இருந்துச்சு. இந்தா பாருங்க, ஒரு கீறல்கூட இல்ல."

சோணைமுத்து பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இந்தக் காலத்துப் பயலுக ரெண்டு போன் வச்சிருக்கானுக சார்."

"அப்ப அந்த ரெண்டாவது போன் எங்கன? காட்டுங்க!" என்று கத்தினேன். "எந்த டவர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க சார்!"

"கம்பெனிக்கும் உங்க ஊருக்கும் ஒரே டவர்தாம்மா. உக்காருங்க."

'வெளியிலிருந்து வந்த இணைப்பு' என்று எழுதிக்கொண்டார். தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்த முறையை வைத்தே அவனைக் குற்றவாளியாக்கினார்கள். நான் சோம்பலில் வைஃபையிலேயே போயிருந்தால் அந்த வரியில் எங்கள் வீட்டு எண் இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் சுஃபியான் சுவரில் முகத்தை வைத்து அழுதான். "போஸ்டர் எல்லாத்தையும் கிழிச்சிர்றேன்க்கா."

"கிழி. கம்பெனிக்காரன் எடுத்த படத்தையும் கிழிச்சிருவியாலே?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாகப் போனான்.

எனக்கு அதிகாரியின் காகிதத்தைவிட ராமுத்தாய் அத்தைதான் பெரிது. அவர் மகளும் அதே அறையில் போனவள். கம்பெனி பேச்சு பரவியதிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா தண்ணீருக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஒரு காலையில் போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்த, இது பாண்டி போனு. அன்னிக்கு எங்கையிலதான் இருந்துச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன இடுப்புல சொருகுனா பாண்டி அண்ணன் வையும்னு எம்மக சொல்லுவா. அவனா கொண்டுபோவான்?" சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பெறகு எதுக்கு எங்களப் பாத்து மூஞ்சியத் திருப்புறீக?"

"வேற யாரப் பாத்துத் திருப்பச் சொல்லுத? கம்பெனி தெறந்தா நானும் அங்கனதான போகணும்."

"அந்த ரூம்ல பதினோரு பேரு இருந்தாக அத்த! அதைப் போயிச் சொல்லுங்க!"

"சீசன்ல அம்புட்டுப் பேருதான் இருப்போம். இது யாருக்குத் தெரியாது? நீ போயிப் போனக் காட்டுனியே, எழுதுனாகளா?"

சுளகைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் கம்பெனி திறந்தது. அறிக்கையில் காரணம், கைப்பேசி. ராமுத்தாய் அத்தை அதே வேனில்தான் போகிறார். இடிந்த அறையின் கற்களை அள்ளிவிட்டார்கள். மற்ற அறைகளுக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. ஒவ்வொரு கதவுக்கு மேலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பது இன்னும் அப்படியே இருக்கிறது: 'ஆட்கள் 4.'