துரு நிறம்

காவாந்தண்டலத்தில் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் சாம்சன், பெட்டியில் துண்டு துண்டாக வந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை விண்கலத்தோடு இரண்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒட்டி முடித்து, சாம்பல் நிறம் அடித்து, அதன்மேல் சண்டைக் காயங்களை உண்டாக்கினான். குண்டுத் துளைகளைச் சூடான ஊசியால் போட்டான். கரியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தெறிக்கவிட்டான். இறக்கையில் துரு மட்டும் அமையவில்லை. எந்தப் பழுப்பைக் கலந்தாலும் புளிக்குழம்பு கொட்டியதுபோல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சிலிருந்து திரும்பியபோது, அண்ணன் தானியேல் கலத்தை மடியில் வைத்துத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பா.

"புது சாமான் இப்டி கரியா கீதேன்னு தொடச்சிக்கினு கீறேன்டா. நீ டேங்கு தொடைக்கிற தின்னருதான்."

தகரத்தைப் பளபளக்க வைக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இறக்கை மெழுகாகக் குழைந்து தொங்கியது.

சாம்சன் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து அண்ணன் வாயிலேயே அடித்தான். பல் தெறித்து விழுந்தது.

"டேய், நான்டா" என்றான் தானியேல்.

அந்தக் குரல் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. அடுத்த அடி புருவத்தைப் பிளந்தது. தானியேல் கலத்தோடு தரையில் சரிந்தான்.

கரைந்த சாம்பல் பெயின்ட்டில் ரத்தம் கலந்து இறக்கை முழுக்கப் பரவியது. அசல் துரு. இரண்டு மாதமாகச் சாம்சன் கைக்கு வராத நிறம்.

அண்ணனின் மூச்சு ரத்தத்தில் கொப்பளித்தது. அவனைத் தூக்கத்தான் சாம்சன் குனிந்தான். கை பிரஷ்ஷைத் தேடிக்கொண்டிருந்தது.