விடை தெரிந்தவர் வெளியே போகவும்

வால்டெமர் புதிரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. எழுந்து அவன் காதில் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். குளத்தில் ஒரு படகு, படகில் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா? இறங்கும். படகில் இருக்கும்வரை கல் தன் எடைக்கு எடை தண்ணீரைத் தள்ளுகிறது. மூழ்கிவிட்டால் தன் பருமனுக்கு மட்டும்தான் தள்ளும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் உள்ளே லீபர் அதற்குள் மேசையைத் தட்ட ஆரம்பித்திருந்தார். ஆயுள் முழுக்க ஆற்றில் மணல் படகு ஓட்டிய மனிதர், மட்டம் ஏறும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் சட்டம் அது. விடை கண்டுபிடித்தவர் அதைப் புதிர் போட்டவரின் காதில் சொல்லிவிட்டு, கிளப்புக்கு வெளியே, பந்து உருட்டும் மைதானத்தின் ஓரம் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். மற்றவர்களும் கண்டுபிடிக்கும்வரை உள்ளே வரக் கூடாது. சட்டம் வந்ததே என்னால்தான். "நீ வாயத் திறக்கலன்னாலும் உன் மூஞ்சி திறந்துடுது சுல்மா. யாராச்சும் தப்பா சொன்னா அந்தப் புருவம் இருக்கே, அது மச்சுப்படி ஏறுது. எழுந்து போ, தாயே, எங்களையும் கொஞ்சம் யோசிக்க விடு" என்று எல்பியா ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அப்போது என் கணவர் ஒமார் உயிரோடு இருந்தார். அவருக்கு விடை தெரியுமோ தெரியாதோ, நான் வெளியே போன கொஞ்ச நேரத்தில் வால்டெமரின் காதில் எதையோ முணுமுணுத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். வால்டெமரும் கண்டுகொள்ள மாட்டான். பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே நடக்கும் கூத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேலி பேசுவோம்.

இப்போது பெஞ்சில் நான் மட்டும்தான். எங்கள் ஊர் மெர்செடெஸில் ஜூலைதான் நடுக் குளிர்காலம்; காற்று ஆற்றிலிருந்து நேராக எலும்புக்குள் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரின் குடுவை சுற்றிக்கொண்டிருக்கும். வால்டெமர் வெந்நீர் ஊற்றி நீட்ட, ஒருவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர, மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. ஒரே குடுவை, ஒரே குழாய், எல்லோர் வாயும் பட்டது. பெஞ்சுக்குக் குடுவை வராது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சுற்று. வாரம் முழுக்க நான் பேசுவது ரொட்டிக் கடைக்காரப் பெண்ணோடும் ரேடியோவோடும்தான். ரேடியோவையாவது எதிர்த்துப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டி வலேன்சியாவிலிருந்து என் மகன் ஃபாபியான் கூப்பிட்டு, மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று இரண்டு கேள்வி கேட்பான். இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் நான் வாரம் பூராவும் தலைவாரிக்கொள்கிறேன். அதையும் குளிரில் உட்கார்ந்து கழிக்க நான் என்ன பாவம் செய்தேன்?

அடுத்த சனிக்கிழமை விடை தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

புதிர் இதுதான். ஒரு கோப்பையில் காப்பி, இன்னொன்றில் அதே அளவு பால். ஒரு கரண்டிப் பாலை எடுத்துக் காப்பியில் விட்டுக் கலக்கு. அந்தக் கலவையில் ஒரு கரண்டி எடுத்துத் திரும்பப் பாலில் விடு. காப்பிக்குள் இருக்கும் பால் அதிகமா, பாலுக்குள் இருக்கும் காப்பி அதிகமா? இரண்டும் சமம். கோப்பைகளின் அளவு மாறவில்லை, அப்படியானால் இங்கிருந்து போனது எவ்வளவோ அவ்வளவுதான் அங்கிருந்து வந்திருக்கும். நான் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "காப்பியிலதான் பால் ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.

"அப்படிச் சொல்லு! நானும் அதத்தான் சொல்றேன்!" என்று லீபர் துள்ளினார். அறிமுகமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னோடு ஒத்துப்போனதே இல்லை. எல்பியா சமையலறைக்கு ஓடிப்போய் நிஜமாகவே காப்பியும் பாலும் கொண்டுவந்தாள். மேசையெல்லாம் சிந்தியது. "உன் கரண்டி பெருசுடி." "உன் கண்ணுதான் சின்னது." குடுவை எனக்கு வந்தது, மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எல்பியா சரியான விடையைச் சொன்னபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். கொஞ்சம் அதிகப்படியாகவே செய்துவிட்டேன் போலிருக்கிறது. கேலி குறைந்தது. நான் தப்பாகச் சொன்னால் யாரும் என்மேல் பாய்வதில்லை; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்பியாவின் அக்கா, கடைசிக் காலத்தில் தான் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்து, போய்ச் சேர்ந்தவள். எல்பியா என்னை வீடுவரை கொண்டுவந்து விட ஆரம்பித்தாள். நேராக அடுப்படிக்குள் போய் கேஸை மூடியிருக்கிறேனா என்று பார்த்தாள். நான் மருந்துக்கடை நடத்தியவள். ஊரில் பாதிப் பேரின் மாத்திரை அளவு இன்றைக்கும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாபியான் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மா, எல்பியா அத்தை போன் பண்ணாங்க."

"என்னவாம் அவளுக்கு?"

"உனக்குக் கொஞ்சம் மறதியா இருக்குன்னு சொன்னாங்க. முன்ன மாதிரி இல்லயாமே நீ. வர்ற சனிக்கிழமை ஒண்ணு ரெண்டு கேள்வி கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன். பயப்படாத. நெசமாவே சரியில்லன்னா நான் உடனே கெளம்பி வந்துடறேன். டிக்கெட்கூடப் பாத்து வச்சிருக்கேன்."

ஒமாரை அடக்கம் செய்த மறுநாள்தான் அவனால் வந்து சேர முடிந்தது. வந்த சுருக்கில் திரும்பியும் போனான். அதற்குப் பிறகு வரவே இல்லை.

"சரியா இருந்தா?" என்று கேட்டேன்.

"சரியா இருந்தா நிம்மதிம்மா. அப்ப டிசம்பர்ல பாக்கலாம். இல்லன்னா அடுத்த வருஷம்."

அந்த வாரம் முழுக்க ரேடியோவைப் போடவில்லை. அவன் பழைய அறையைப் பெருக்கினேன், பிறகு எதற்குப் பெருக்கினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். டாக்டர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடிகாரம் வரையச் சொல்வார்கள், மாதத்தின் பெயர் கேட்பார்கள். அவர்களையும் ஏமாற்ற என்னால் முடியும் என்பதுதான் பயமாக இருந்தது. எனக்கென்று மிச்சமிருப்பது இந்த மூளை ஒன்றுதான். அழகி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, நல்லவள் என்றும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் ஊர் சொல்லும்.

சனிக்கிழமை போனபோது எல்லோரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதுவே சரியில்லை. வால்டெமர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவன்போல் இருந்தான்.

"சுல்மா, இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வி. சும்மாதான். அவசரமே இல்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லு" என்றான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தான். "ஒரு கிலோ இரும்பு. ஒரு கிலோ பஞ்சு. ரெண்டுல எது கனம்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி! கேட்டதுதான் கேட்டான், ஒழுங்காகவாவது கேட்டானா? எங்கே வைத்து நிறுப்பது? காற்றிலா, காற்றே இல்லாத இடத்திலா? பஞ்சு அடைக்கிற இடம் பெரிது, அது தள்ளும் காற்றும் அதிகம், தராசில் அது ஒரு மயிரிழை குறைவாகத்தான் காட்டும். இதை மட்டும் சொன்னால் போதும். லீபர் மேசையைக் குத்துவார், வால்டெமர் அதெல்லாம் கணக்கில் கிடையாது என்று கத்துவான், எல்பியா தராசு தேடி ஓடுவாள். இத்தனை வாரமாக நான் நடித்தேன் என்பதும் தெரிந்துபோகும். திட்டுவார்கள், திட்டட்டும். ஃபாபியானுக்கு நிம்மதியாகிவிடும்.

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருவம் ஏறப்போவது எனக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இரும்பு" என்றேன்.

எல்பியாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் கை என் கைமேல் வந்து படிந்தது. சர்க்கரை ஒட்டிய, கதகதப்பான கை. ஒமார் போனதிலிருந்து யாரும் என் கையை இப்படிப் பிடித்ததில்லை. வால்டெமர் மாத்தே ஊற்றி, தானே ஒருமுறை ஊதிவிட்டு, என் முறை இல்லாதபோதும் என்னிடம் நீட்டினான். "சூடா இருக்கு, பாத்து" என்றான். லீபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். அதில் எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க மணி அடித்தது. பிறகு என் மகனின் குரல் அந்த மேசையின் நடுவில், என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்போல் அவ்வளவு அருகில் கேட்டது.

"சொல்லுங்க லீபர் மாமா. அம்மா என்ன சொன்னாங்க?"

லீபர் என்னைப் பார்த்தார். நான் எல்பியாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.