பங்கில் வராத பெயர்

மனுவின் நடுவில் அந்த வாக்கியம் இருந்தது. எதிர்மனுதாரருக்கும் மனுதாரருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததைக் கல்பனா தமிழில் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மனுதாரர் அரங்கநாதன், அவள் கணவனின் அண்ணன். இரண்டு வீட்டுக் கொல்லைக் குழாய்களுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. அவள் படித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது.

மனு கேட்பது ஒன்றைத்தான். பசுங்கணு டாட் இன் என்ற இணையப் பெயரை அவளிடமிருந்து எடுத்து அவருக்கு மாற்றித் தரவேண்டும். டில்லியில் ஒரு நடுவரை நியமித்திருந்தார்கள். எல்லாமே மின்னஞ்சலில் நடந்தது. அவள் பதில் அனுப்ப நாளை மாலைவரை கெடு. பதில் நிற்கவில்லை என்றால் பெயர் போய்விடும். அதோடு, தீர்ப்பை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போடுவார்கள். அடுத்தவர் பெயரைத் தீய நோக்கத்தோடு வளைத்துப் போட்டவள் என்று அவள் பெயர் அங்கே இருக்கும்.

“இன்னாது அது, ஸ்குவாட்டருன்னு போட்டுக்கீது?” கணவன் தமிழ்க்குமரன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

“பொறம்போக்குல குடிச போட்டுக்கினவங்கன்னு அர்த்தம்.”

“நம்மளையா?”

“என்னைய.”

“விட்டுடேன் கல்பனா. ஒரு பேருதானே,” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு பேருதானே. ஆறு வருடத்துக்கு முன்பு, குருவிநத்தத்தில் இரண்டு அண்ணன் தம்பியும் சேர்ந்து கரும்பு நாற்று விடத் தொடங்கியபோது, அரிசி களைந்துகொண்டே அவள் கண்டுபிடித்த பெயர் அது. கரும்பின் கணுவிலிருந்து பருவை மட்டும் வெட்டி, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய தட்டில் முளைக்க வைத்து விற்கும் தொழில். ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்துப் போட்டதும், எந்த ரகம் எந்த மண்ணுக்கு என்று எழுதியதும், கடலூர் விழுப்புரம் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதும் அவள்தான். இணையப் பெயரைப் பதிவு செய்யும்போது, “கல்பனா பேர்லயே போடும்மா. பத்திரத்துல பொம்பள பேருன்னா சலுக குடுக்கறான், இதுலயும் எதுனா இருக்கும்,” என்றவர் அரங்கநாதன். சலுகை எதுவும் இல்லை. அதை அவள் சொல்லவில்லை. அவர்கள் குடும்பத்தில் மனைவிமார் பேரில் டிராக்டர் இருந்தது, மாட்டுக் கடன் இருந்தது. எதற்கும் சாவி அவர்களிடம் இருந்ததில்லை. இந்த ஒன்றுக்குத்தான் கடவுச்சொல் அவளிடம் இருந்தது.

போன வருடம் பங்கு பிரித்தார்கள். மூத்தவன் பிரிப்பான், இளையவன் எடுப்பான், பிரிக்கிறவன் கை கோணாமல் இருக்க ஊர் வைத்திருக்கும் வழி. அரங்கநாதன் சரியாகவே பிரித்தார். ஆற்றோர நிலமும் டிராக்டரும் ஒரு பங்கு. நாற்றுப்பட்டறையும் மேட்டு நிலமும் இன்னொன்று. பெரியவர்களுக்குக் காபி எடுத்துக்கொண்டு கல்பனா வாசற்படியைத் தாண்டியபோது, “ஆத்தோர நெலம் எனக்கு,” என்று தமிழ்க்குமரன் சொல்லி முடித்திருந்தான். பத்திரத்தில் பசு, மோட்டார், வைக்கோல்போர் எல்லாம் வந்தன. பசுங்கணு என்ற பெயரை யாரும் நினைக்கவில்லை. அவளும்தான் வாய் திறக்கவில்லை. டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகும் நாற்றுக் கேட்பவர்கள் அவள் கைபேசிக்குத்தான் அழைத்தார்கள். பக்கத்து வீட்டு அரங்கநாதனின் எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அரங்கநாதனின் மனைவி, ஓரகத்தி மஞ்சுளாவிடம், தானும் கொஞ்சம் நாற்று விடலாமென்று இருப்பதாக, அதே பெயரில் என்று சொன்னாள்.

“அது சொம்மா சலுகைக்கு உம்பேர்ல போட்டதுடி,” என்றாள் மஞ்சுளா. “கேஸ் புக்குல எம்பேரு கூடத்தான் கீது. அதுக்குன்னு சிலிண்டர் கம்பெனி என்னுதாயிடுமா?”

அன்று மதியம் கல்பனா படங்களையெல்லாம் மறைத்துவிட்டு ஒரே வரியைப் போட்டாள். இந்தப் பெயர் விற்பனைக்கு. விலை ஐந்து லட்சம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எடுத்துவிட்டாள். வீட்டுச் சண்டையில், ‘இந்தா, நீயே எல்லாத்தையும் தலையில வச்சுக்க’ என்று பானையை நகர்த்தி வைப்பதைப் போன்ற காரியம் அது. பானையை யாரும் படமெடுத்து வைப்பதில்லை. இந்த வரியை யாரோ எடுத்திருந்தார்கள். மனுவின் கடைசியில் அந்தப் படம் இணைப்பாக இருந்தது. அதன் பிறகு அரங்கநாதன் பசுங்கணு என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டு வழக்குப் போட்டிருந்தார்.

அந்தத் தொழிலில் அவளும் ஒருத்தி என்பதற்கும், அவர் சொல்லித்தான் பதிவு செய்தாள் என்பதற்கும் எந்தக் காகிதமும் இல்லை. பங்குப் பத்திரத்தில் ஆண்களின் கையெழுத்து மட்டும்தான். யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அவர் அப்படிச் சொன்னபோது அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். தமிழ்க்குமரன், மஞ்சுளா. அவனோ விட்டுவிடச் சொல்லிவிட்டான்.

மஞ்சுளா நிழல்வலைக்குள் தட்டுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு வார்த்த.”

“உங்கூட பேசக்கூடாதுன்னு வக்கீலு சொல்லிக்கிறாரு.” குரலைத் தாழ்த்தினாள். “கொழம்பு கிழம்பு எதுனா ஓணும்னா கேளு. அதுல தப்பில்ல.”

“எம்பேர்ல போடச் சொன்னது மாமாதான்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுக்கா.”

“போட்டுட்டு? எந்த வூட்டுல சோறு துன்றது நானு? உன் வூட்டுலயா?”

“வாயேன். போடமாட்டனா?”

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை விழுங்கினாள். குழாயை அடுத்த வரிசைக்கு இழுத்தாள். தண்ணீர் வலைமேல் பட்டுச் சொட்டியது.

“அந்தப் படத்த எடுத்தது யாருக்கா?”

“விக்கறேன்னு ஊரு பூரா பாக்கற மாரி போட்டுட்டு, பாத்தவளப் போய் கேக்கறியே.” மஞ்சுளா திரும்பவில்லை. “எம்மேல கோவத்துலதானே போட்ட? எனுக்கு வலிக்காதா?”

கல்பனா வெளியே வந்தாள். அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அரங்கநாதன் வந்தார். பங்குக்குப் பிறகு இந்த வாசலில் அவர் கால் வைத்ததில்லை. கல்பனா நாற்காலியைப் போட்டுவிட்டு, வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்தார். கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பக்கத்திலிருந்த தொட்டிச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்தார்.

“இன்னா கல்பனா, நம்ம வூட்டுச் சண்டைக்கு டில்லிக்காரனா?” சிரித்தார். “தமிழு, நீயும் ஒக்காரு. போட்டது போட்டாச்சு. வூட்டோட முடிச்சிக்கலாம். நீ ஒரு வெல சொல்லும்மா.”

தமிழ்க்குமரனின் முகம் இளகியது. ஈரக் காலோடு வந்து நின்றான். “சொல்லு கல்பனா. அண்ணனே வந்துக்கீது.”

அவள் கைபேசியைப் பார்த்தாள். அரங்கநாதன் கைபேசியைக் கையைவிட்டு இறக்கி அவள் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையில் இருக்கும். பெயரை விற்கப் பதிவு செய்தாள் என்பதுதான் மனுவின் குற்றச்சாட்டு. அந்தக் கைபேசி பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தால், அவள் இப்போது ஒரு ரூபாய் என்று சொன்னாலும் அது இரண்டாவது இணைப்பாகப் போய்ச் சேரும். அப்படித்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இருமி இருமி யோசித்துவிட்டு, தம்பி வீடுதானே என்று எழுந்து வந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கறுப்புச் சதுரத்தை வெறித்துக்கொண்டு நிற்கும் இவள் மனதுதான் கெட்டது. எது உண்மை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. விலை என்ற சொல்லை மட்டும் நாக்குத் தொடாமல் பேசவேண்டும்.

“மாமா, உங்களுக்கும் எனக்கும் தொடர்பே இல்லன்னு மனுவுல போட்டுக்கீதே. அப்ப நான் யாரு?”

“அது வக்கீலு எழுதறதும்மா. இந்த மாரி கேசுல அப்படித்தான் எழுதுவாங்களாம்.”

“உங்களுக்குத் தெரியாம நான் பதிஞ்சிக்கினேன்னும் இருக்குது.”

அவர் தம்பி பக்கம் திரும்பினார். “இன்னாடா இவ, வெல கேட்டா கத சொல்றா?”

தமிழ்க்குமரன் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான். “அண்ணா,” என்றான். “இவ பேர்ல போடச் சொன்னது நீதானே?”

“ஆமாண்டா. இல்லன்னு சொன்னனா? சலுகைக்குப் போடச் சொன்னேன். அதுக்குன்னு அவுளுதாயிடுமா?”

“தெரியாம போட்டான்னு எழுதிக்கிறாங்களே. அது பொய்தானே?”

அரங்கநாதன் கைபேசியை எடுத்தார். அதைத் திருப்பிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். “அண்ணனா வந்தேன். புருசனும் பொண்டாட்டியும் சேந்துகினு வக்கீலு மாரி பேசறீங்க,” என்று எழுந்து போனார். வாசல் படலை அவர் சாத்தவில்லை.

மறுநாள் காலை கல்பனா பதிலை எழுத உட்கார்ந்தாள். பெயர் யார் யோசித்தது, யார் சொல்லிப் பதிந்தது, பங்கில் எப்படி விட்டுப்போனது, எல்லாம் எழுத வந்தன. விற்பனைக்கு என்று போட்ட வரிக்கு வந்ததும் நின்றாள். கோபத்தில் போட்டேன் என்று எழுதினாள். யார்மேல் கோபம்? மஞ்சுளாவின் வாயைப் பத்து வருடமாகத் தெரியும். இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருக்கிறாள், இவள் சிரித்திருக்கிறாள். அரங்கநாதன்மேலா என்றால், அன்று அவர் நினைவில்கூட இல்லை.

கைபேசியை எடுத்து அந்த நாளைத் தேடினாள். விற்பனைக்கு என்று போட்டதும் அந்தப் பக்கத்தை அவள் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தாள். கணவனுக்கு. அதற்கு அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பியிருந்தான். புதுப் படம் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பான். திறந்தே பார்க்கவில்லை.

அப்படியென்றால் அந்த விலை அவனுக்குச் சொன்னது. இதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, நீ கேட்காமல் விட்டுக்கொடுத்தாய், இப்போதாவது பதறிக்கொண்டு ஓடிவா. அவன் வரவில்லை. ஊர் பார்த்தது, மஞ்சுளா பார்த்தாள், அவன் மட்டும் பார்க்கவில்லை. நோக்கம் தீயதுதானா என்று டில்லிக்காரர் கேட்கிறார். தீயதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆள்தான் வேறு.

அழிக்கலாமா என்று யோசித்தாள். அழிக்காமல் எழுதினாள். பங்கு பிரித்தபோது என்னைக் கேட்காத என் கணவர்மீது எனக்கு இருந்த கோபத்தில் அதைப் போட்டேன். யாருக்கும் விற்க அல்ல. அன்றே எடுத்துவிட்டேன்.

தமிழ்க்குமரன் சாப்பிட வந்ததும் தமிழில் எழுதிய பிரதியை அவன் முன் வைத்தாள். அவன் விரலை வைத்து வைத்துப் படித்தான். அந்த வரியில் விரல் நின்றது.

“எம்மேலயா?”

“ஆமா.”

“நாத்துப்பட்டறய எடுத்திருக்கணும்னு நெனச்சியா?”

“நீங்க கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்கே தெரிஞ்சிருக்கும்.”

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். “டில்லிக்காரன் இத்தையெல்லாம் படிப்பானா?”

“படிப்பாரு. அப்புறம் எல்லாரும் படிப்பாங்க.”

அவன் கை கழுவிவிட்டு வந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டான். அண்ணன் சொல்லித்தான் பெயரை என் மனைவி பெயரில் பதிந்தோம், பங்கு போட்டபோது இந்தப் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடவில்லை. அதன் கீழே, என் மனைவியைக் கேட்காமல் பங்கை எடுத்தது உண்மை என்று இன்னொரு வரி சேர்த்தான். அது வழக்குக்குத் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை. அவன் எழுதியதையும் ஆங்கிலத்தில் மாற்றிச் சேர்த்தாள். கெடு முடிவதற்குச் சற்று முன்னால் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

தீர்ப்பு வரச் சில வாரங்கள் ஆயின. இது பெயரை வளைத்துப் போட்ட வழக்கு அல்ல, பிரிந்த குடும்பத்தில் பிரிக்காமல் விட்டுப்போன ஒன்றைப் பற்றிய தகராறு, தீர்க்கவேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம் என்று நடுவர் எழுதியிருந்தார். மனு தள்ளுபடி. பெயர் இப்போதைக்கு அவளிடமே இருக்கும். விற்பனைக்கு என்று போட்டது விரும்பத்தக்க செயல் அல்ல என்று ஒரு வரி தனியாக இருந்தது. அதை அவள் ஒத்துக்கொண்டாள். எதிர்மனுதாரர் மனுதாரரின் தம்பி மனைவி என்று இருந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தாள். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. அரங்கநாதன் கோர்ட்டுக்குப் போகப் போகிறார் என்று மஞ்சுளா கொல்லையில் யாரிடமோ உரக்கச் சொன்னது இவள் காதில் விழவேண்டும் என்றுதான்.

அந்த வாரமே சுத்துக்கேணியிலிருந்து ஒருவர் அழைத்தார். “பசுங்கணுங்களா? நாத்து கீதாம்மா?”

“ஒரு மாசம் ஆவுங்கண்ணா. இப்பத்தான் புதுசா நெழல்வல போடறோம்.” நேற்றுதான் தமிழ்க்குமரனும் அவளும் ஆற்றோர நிலத்தில் மோட்டாருக்கு மேல்பக்கம் இடம் அளந்து கல் நட்டிருந்தார்கள்.

“ஒரு மாசமா? நெலத்த ஓட்டிப் போட்டுட்டனேம்மா. கிட்டக்க வேற எங்கனா கெடைக்குமா?”

சுவருக்கு அந்தப் பக்கம் நிழல்வலைக்குள் நாற்று முழங்கால் உயரம் நின்றது. இந்த வருடம் அந்தப் பெயர் இல்லாததால் கேட்க ஆளில்லாமல் தட்டை மீறி வளர்ந்துகொண்டிருந்தது. தெரியாது என்று சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அரங்கநாதன் இருமும் சத்தம் கேட்டது.

“கெடைக்கும்ணா. எங்க மூத்தார் வச்சிக்கிறாரு. நெம்பர் அனுப்பறேன்.”

“ரொம்ப நல்லதும்மா.”

நல்லதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அவர் போனை வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும் அவசரமாகச் சொன்னாள்.

“பசுங்கணுலேர்ந்து அனுப்புனாங்கன்னு சொல்லுங்க. மறக்காம சொல்லுங்க.”