காரணங்களுடன் ஓர் ஆணை

முதலில் வந்த ஆணை ஒரே ஒரு வரி. "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது." கீழே கையெழுத்து, முத்திரை. என் கணவர் அதைச் சமையலறை வாசலில் நின்று உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். "காரணம்னு ஒண்ணு சொல்ல வேணாமா? எவனோ என் ரூட்டு மேல கண்ணு வெச்சிருக்கான்" என்றார். பள்ளி வேன் ஓட்டியே தலை நரைத்தவர். வேன் மாமா என்றால்தான் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருக்காரர்களே யோசிப்பார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கண் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டவருக்கு, ரோட்டில் ஓட்டிக் காட்டிய பிறகு இந்த ஒற்றை வரி வந்து சேர்ந்தது. தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லித் திட்டினார். திட்டத் திட்ட அவருக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

என் நாத்தனார் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் சட்டம் படிக்கிறாள். அவருக்கு அவள் தங்கை என்பதைவிட மகள் என்பதே சரி. வகுப்புக்கு வேனில்தான் கொண்டுபோய் விடுவார். "வக்கீலம்மா, ஏறுங்க" என்று கதவைத் திறந்து பிடிப்பார். அந்த வருஷம் அவளுக்கு நிர்வாகச் சட்டம். அரசு அலுவலகங்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும், எப்படி எடுக்கக் கூடாது என்பதை வெங்காயம் உரிக்கும்போதுகூட எனக்கு நடத்துவாள். பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன். அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணா, இது செல்லவே செல்லாது. காரணம் சொல்லாத ஆணை ஆணையே இல்ல. போன வாரம்தான் நடத்துனாங்க!"

மேல்முறையீட்டு விசாரணைக்கு மூன்று பேரும் போனோம். நீள மேஜையின் தலைமாட்டில் மேலதிகாரி. எங்களுக்கு எதிரே, அந்த ஒரு வரியை எழுதிய ஆய்வாளர். நாத்தனார் திக்காமல் திணறாமல் பேசினாள். என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் தன் முன்னால் இருந்த கோப்பைத் திறக்கவே இல்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, காரணம் எழுதித்தான் ஆகணுமா?" கேட்டது அவளிடம், ஆனால் பார்த்தது என் கணவரை, அப்புறம் என்னை. நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆமா சார். அது எங்க உரிமை" என்றாள் அவள்.

சட்டப்படி அவள் சொன்னதுதான் சரி என்றார் மேலதிகாரி. பழைய ஆணை ரத்து. காரணங்களுடன் புதிதாக முடிவெடுக்க வேண்டும். வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்களாம். என் கணவர் மறுநாளே வேனைக் கழுவிப் பளபளவென்று ஆக்கினார். இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் இருந்தது. பள்ளிக்கூட வாசல் கேட்டை இவ்வளவு குறுகலாக வைத்தவனை அன்றைக்கும் ஒருமுறை திட்டிவிட்டு, அதன்மேல் பெயின்ட் அடித்தார்.

இரண்டாவது ஆணை மூன்று பக்கம். நாத்தனார் உற்சாகமாகத்தான் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் குரல் இறங்கியது. சந்தில் இடது பக்கமிருந்து ஒரு சிறுமி சைக்கிளில் வந்தாள். விண்ணப்பதாரர் வேகத்தைக் குறைக்கவில்லை. அருகில் இருந்த ஆய்வாளர் கைபிரேக்கை இழுத்தார். விண்ணப்பதாரர் "வண்டி ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார். நேர்ப் பார்வை நன்றாக உள்ளது. இடப்புறப் பார்வை ஏறக்குறைய இல்லை என்பதை மறுமுறை பரிசோதித்த கண் மருத்துவரும் உறுதிசெய்கிறார். தனக்குத் தெரியவில்லை என்பதே விண்ணப்பதாரருக்குத் தெரியவில்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

முடிவு அதேதான். அவர் வண்டியில் பிள்ளைகள் ஏறக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. இந்த மூன்று பக்கத்தை யாருக்காகக் கேட்டு வாங்கினோம் என்றுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ஒரு வரி இருந்தவரை, சாகும்வரை திட்டுவதற்கு அவருக்கு ஓர் ஆபீஸ் இருந்தது.

"அண்ணா, இதுக்கும் மேல கோர்ட்டுக்குப் போகலாம்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். "எதுக்கும்மா? அதான் காரணம் சொல்லிட்டாங்களே."

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில்தான் வகுப்புக்குப் போனாள். தேர்வில் அந்தக் கேள்வியே வந்ததாம், காரணம் கூறும் கடமை பற்றி விரிவாக எழுதுக என்று. "தெரியும் அண்ணி. ஆனா எழுத வரல" என்றாள்.

அவர் யாரையும் திட்டுவதில்லை. காலையில் எழுந்த கையோடு வேன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து ஆணியில் திரும்ப மாட்டுவார். நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் தண்ணீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ எப்பலேருந்து தண்ணிய வலது பக்கம் வைக்கிற?"

அடிக்கடி கை பட்டுத் தட்டிவிடுகிறாரே என்று எப்போதோ மாற்றி வைத்தது. அப்புறம் கை பழகிவிட்டது. ஏன் தட்டிவிடுகிறார் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருந்தேனா, யோசிக்க வேண்டாமென்று இருந்தேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் தம்ளரைத் தூக்கி இடது பக்கம் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரை நேராகப் பார்த்தார். வண்டி ஓட்டும்போது முதுகை நிமிர்த்தி உட்கார்வாரே, அப்படி.

"இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க."