சாலை கேட்டவள்

"அந்தத் தட்டை எங்க தூக்கிட்டுப் போறீங்க? அது என் ஓவன் தட்டு—"

"ஒரே ஒரு நாளைக்கு ராணி, கழுவிக் கொடுத்துடறேன்—"

"கழுவினா போயிடுமா? அப்புறம் நான் கேக் சுட்டா கருவாட்டு வாசம்தான்—"

"கருவாடு இல்ல, சாலை! எத்தனை தடவை சொல்றது, கருவாடு வேற, சாலை—"

"ஆமா, கருவாடு எனக்கு. சாலை அவங்களுக்கு!"

தட்டை அவர் விடவில்லை.

அவர் என் வீட்டுக்காரர், கமலநாதன். எங்கள் ஊர் தம்போயில் முப்பது வருஷம் ஏர்கான் ரிப்பேர் பார்த்தவர். 'அவங்க' என்பது வாசுகி. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் இவரோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது உலு திராமில் தனியாக இருக்கிறாள். பழைய மாணவர்களெல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நம்பரை எடுத்து, மூன்று வாரத்துக்கு முன் இவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினாளாம், சாலை வேண்டும் என்று. மலாய்க்காரர்கள் சந்தையில் இக்கான் சாலை என்று விற்பார்களே, புகை போட்ட மீன், அதுதான். ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தால் முடிந்தது. இவர் புகை போடுவதற்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டி என்றால் ஆள் உயர இரும்பு அலமாரி. ஏதோ ஆபீசில் தூக்கிப் போட்டது. அதன் பெயிண்டைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம். எட்டடி தள்ளி ஒரு மைலோ டின். டின்னுக்குள் ரம்புத்தான் மரத்தூளைக் கொசுவத்தி மாதிரி வளைத்து வளைத்துக் கொட்டியிருந்தார். ஒரு முனையில் பற்ற வைத்தால் எரியாது. கனன்று கனன்று மறுமுனைவரை புகைந்துகொண்டே போகும். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்று அந்தப் புகையைக் குழாய்க்குள் தள்ளும். குழாய் நேரே அலமாரிக்குப் போகாது. நான் துணி ஊறவைக்கும் தொட்டிக்குள் இறங்கி ஏறிப் போகும். தொட்டி நிறைய ஐஸ்.

"ஐஸ் எதுக்குங்க?" என்று முதல் வாரம் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"சூடில்லாத புகை, ராணி. மீன் வேகக்கூடாது. முப்பது டிகிரிக்குக் கீழயே நிக்கணும்."

"தம்போயில காலையில ஒம்பது மணிக்கே முப்பது."

"அதான் ஐஸ்!"

என்ன ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. யாருக்காக அது வந்தது என்று நினைத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அடுப்படிப் புகை வெளிய போக ஒரு ஃபேன் மாட்டுங்கன்னு ஒம்பது வருஷமாக் கேக்கறேன்."

"அதுக்குச் சுவரை ஒடைக்கணும்."

"என் புகைக்குச் சுவர் குறுக்க நிக்குது. அவங்க புகைக்கு ஐஸ் குளியலா?"

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எரியல. உங்க மைலோ டின்னு மாதிரிதான். எரியாமப் புகையுது."

இன்று ஞாயிற்றுக்கிழமை. வாசுகி பதினோரு மணிக்கு வருகிறாள். முதல் நாளே தெங்கிரி மீனைத் துண்டு போட்டு, உப்பில் ஊறவைத்து, கழுவி, துடைத்து, காற்றாட வைத்தாயிற்று. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் இவர் மீன் கழுவி நான் பார்த்ததில்லை. விடியும்போதே டின்னைப் பற்ற வைத்துவிட்டார். மிச்சமிருந்த துண்டுகளைப் பரப்பத்தான் என் ஓவன் தட்டு.

"ஒரு டீ மட்டும் போட்டுடு ராணி. சீனி கம்மியா. அவங்களுக்கு ஆகாது."

"அதுவும் தெரியுமா? சரி, மீசைக்கு எப்ப மை அடிச்சீங்க?"

"போன வாரமே அடிச்சது."

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது வெள்ளையா இருந்துச்சு."

நான் உள்ளே போய்ப் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினேன். இது எதற்கு, அவளுக்குப் போட்டியா என்று கழற்றினேன். மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் நின்றது.

"கமல்! அலமாக், ஆளே மாறல லா நீ!"

நீ! எனக்கு அவர் நாற்பத்தோரு வருஷமாக 'நீங்க'. பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நல்லாருக்கீங்களா?" என்றாள். இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கணக்குப் பார்த்தால் எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் அக்கா!

கையில் நீல நிற ஐஸ் பெட்டி வைத்திருந்தாள்.

"பாத்தியா, அவங்க மீனும் கொண்டாந்திருக்காங்க," என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார். அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய், கோயிலில் திரை விலக்குகிற மாதிரி அலமாரிக் கதவைத் திறந்தார். புகை நீலமாக, சோம்பலாக வெளியே வழிந்தது. உள்ளே தெங்கிரித் துண்டுகள் தேன் நிறத்தில் தொங்கின. அவ்வளவு அழகு.

வாசுகி இருமினாள்.

"என்ன கமல் இது? கொசுவுக்கா?"

"சாலை, வாசுகி. நீ கேட்டது."

"நானா?"

"தொட்டுப் பாரு, சூடே இருக்காது. ஐஸ் வழியா வர்ற—"

"மூடு, மூடு! எனக்கு ஆஸ்துமா." துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நான் எப்ப இதைக் கேட்டேன்? நான் கேட்டது சாளை. சாளை மீனு! இங்க தம்பான்னு சொல்வாங்களே, சின்னதா, வெள்ளியா. எங்க வீட்டுல சாளைன்னுதான் சொல்லுவோம்."

இவர் போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். எஸ், ஏ, எல், ஏ, ஐ. சாளை எங்க கிடைக்கும், அவ்வளவுதான் கேள்வி. கீழே இவர் பதில்: நானே ரெடி பண்றேன், மூணு வாரம் டைம் கொடு.

"மூணு வாரம்னதும் கெலாங் பாத்தாவுல எவனோ மீன்காரனைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நெனைச்சேன்," என்றாள் வாசுகி. "அதான் காலிப் பெட்டியோட வந்தேன்."

"அவ்வளவு சாளை எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"பூனைக்குத்தான் அக்கா. ஆறு வச்சிருக்கேன். டின் மீனு போட்டா வாந்தி எடுக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். இவர் மட்டும் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"சரி, வந்ததுக்கு நாலு துண்டு எடுத்துட்டுப் போ, வாசுகி."

"உப்பு மீனு பூனைக்கு ஆகாது, கமல்."

டீயைப் பாதி குடித்துவிட்டு, வெறும் பெட்டியோடு போய்விட்டாள். இருமல் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது.

அவளை அனுப்பிவிட்டு நான் திரும்பி வந்தபோது இவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் முழுக்க இவரைக் கிண்டல் பண்ண எனக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான். அவளுக்கு இவர்மேல் ஒன்றுமில்லை. இவர் செய்ததை வாயில்கூட வைக்கவில்லை. ஆனால் மனசு ஆறுவதற்குப் பதில் இன்னும் மோசமானது. ஏதாவது ஆசையாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பூனைக்கு மீன் எங்கே கிடைக்கும் என்று ஒருத்தி ஒரு வரி எழுதினாள். அந்த வரிக்கு இவர் மூன்று வாரம் வெயிலில் நின்று இரும்பு சுரண்டினார்.

"ஒரே ஒரு எழுத்து, ராணி," என்றார். "இங்கிலீஷ்ல எழுதினா லாவும் ளாவும் ஒண்ணாத்தான் இருக்கு. யாருக்கும் வர்ற தப்புதான்."

"ஆமா."

"நான் என்ன வேணும்னேவா பண்ணேன்? தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"தெரியுதுங்க."

அவர் எழுந்து ஒரு துண்டைக் கழற்றினார். வாழையிலையில் வைத்து, என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயாவது வறுத்துச் சாப்பிட்டுப் பாரு."

நீயாவது. நான் இலையை வாங்கிக்கொண்டேன். மீன் ஜில்லென்று இருந்தது.

"ஏங்க, நாப்பத்தோரு வருஷத்துல நான் கேட்டது ஒண்ணையாவது நீங்க இப்படித் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுண்டா?"