மூன்று விரல் பள்ளம்

"மூணே முக்கால் கிலோ ஏறியிருக்குது சார். தண்ணி ஜாஸ்தி குடிச்சீங்களா?" எடை பார்த்துவிட்டு நர்ஸ் சத்யப்ரியா கேட்டாள்.

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். அவர் மனைவி ஜெயம்மாள்தான் பதில் சொன்னாள். "நான் அளந்துதாம்மா குடுக்கறேன்."

"உப்பா எதனா சாப்புடறாரான்னு பாருங்கம்மா. அதான் தாகம் எடுக்கும். இப்பிடியே போனா நுரையீரல்ல தண்ணி சேந்துடும்."

நான்கு மணி நேர டயாலிசிஸ் முடிந்து, டவுன் பஸ்ஸில் செவிலிமேடு வந்து இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் இப்போது டிரைவருக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து வருகிறார். அவரைப் படுக்கவைத்துவிட்டு ஜெயம்மாள் அடுப்படிக்குப் போனாள். ஏனாத்தூர் ஹாஸ்டலுக்கு மாலைக்குள் நாலு கிலோ இட்லிப் பொடி போகவேண்டும். அவர் படுத்ததிலிருந்து வீடு நடப்பதே இந்தப் பொடியால்தான். டப்பாவைத் திறந்தாள். நேற்று கரண்டியால் தட்டிச் சமமாக்கி வைத்திருந்த பொடியின் ஓரத்தில், மூன்று விரல் அள்ளிய பள்ளம்.

கோபம் வருமென்று சற்று நின்றாள். வரவில்லை. இரண்டு வருடமாக உப்பில்லாத ரசம், வேகவைத்து நீரை வடித்துக் கொட்டிய காய், மூடிப் பூட்டாத குறையாகத் தண்ணீர்ப் பானை. அத்தனையும் அந்தப் பள்ளத்துக்குள் போயிருந்தது.

அறை வாசலில் நின்று கேட்டாள். "எத்தினி நாளா பொடி துன்னுக்கினு இருக்கீங்க?"

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "ஒரு மாசம் இருக்கும். நீ குளிக்கப் போவும்போது."

"சாவறதுக்கா?"

"தெனம் வறுக்கற ஜெயா. வீடு பூரா வாசன. நான் எங்க போவட்டும்? நீ உப்பு காரமா துன்றவ. உனுக்குத் தெரியாது."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னா துன்றேன்னு என்னிக்காவது பாத்தீங்களா? உங்க கொழம்பு மிச்சம்தான் எனுக்கும். ரெண்டு கொழம்பு வெக்கத் தெம்பு இல்லங்க."

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை ஜெயம்மாள் அடுப்பையும் இரும்புச் சட்டியையும் மொட்டைமாடிக்கு ஏற்றினாள். வாசனை கீழே வராமலிருக்கட்டும் என்று நினைத்தாள். மிளகாயை வறுத்துக் கொட்டிவிட்டு உளுந்தைப் போட்டபோது படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மூன்று இடத்தில் நின்று நின்று தணிகாசலம் ஏறி வந்திருந்தார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் எதிரில் உட்கார்ந்தார். ஊசி குத்தி வீங்கிய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டிக் கரண்டியை வாங்கினார்.

"நீ உனுக்குத் தனியா உப்பு போட்டு வெச்சிக்கோ. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கினு பொடில கை வெக்காம இருப்பீங்களா?"

"தெரியல."

ஜெயம்மாள் மாடிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கண் தானாக மூடிக்கொண்டது. கரண்டி சட்டியில் உரசிக்கொண்டிருந்தது. அவருக்குப் பழக்கமில்லாத கை. உளுந்து சட்டிக்கு வெளியே தெறித்துத் தெறித்து, சிவந்ததும் சிவக்காததுமாகத் தரையெல்லாம் உருண்டது.